சிகிச்சையாளரோடு ஒட்டவில்லை: பொறுப்பதா, சொல்வதா, மாறுவதா?

மனநலச் சிகிச்சையாளரோடு நான்காவது அமர்வு முடிந்து வெளியே வருகிறீர்கள். அவர் கெட்டவர் இல்லை. நேரத்துக்கு வந்தார், கேட்டார், தலையாட்டினார். ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை. அடுத்த வாரத்துக்கு நேரம் குறிக்கும்போது கை தயங்குகிறது. 'நமக்குத்தான் தெரபி சரிப்படாதோ' என்று ஒரு நினைப்பு. 'இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம்' என்று இன்னொன்று. 'பேசாமல் வேறு ஆளைப் பார்க்கலாம்' என்று மூன்றாவது.

இந்த இடத்தில் நிற்பவருக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எப்போது பொருந்தும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் சிகிச்சையாளர் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவன். இரண்டு பேரிடம் போயிருக்கிறேன். முதலாமவரிடமிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஓடியிருக்கிறேன். அதற்கப்புறம்தான் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். முன்பே படித்திருந்தால் ஓடியிருக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஆனால் எதிலிருந்து ஓடுகிறேன் என்றாவது தெரிந்திருக்கும். 'ஒட்டவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். எது என்று பார்க்காமல் ஆளை மாற்றினால், அதே கோளாறு அடுத்த அறையிலும் நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.

உறவுக்கு உண்மையில் எவ்வளவு எடை?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்வோம். பல் மருத்துவர் சிடுசிடுத்தாலும் வலிக்கிற பல் வெளியே வந்துவிடுகிறது. மனச் சிகிச்சையும் அப்படித்தான் என்றால் ஒட்டாததைப் பொறுத்துக்கொண்டு சிகிச்சையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

அப்படி இல்லை என்றுதான் எண்கள் சொல்கின்றன. 2018இல் கிறிஸ்டோப் ஃப்ளூகிகர் குழுவினர் 295 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டார்கள். மொத்தம் 30,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். சிகிச்சையாளரும் நோயாளியும் எவ்வளவு இணைந்து வேலை செய்கிறார்கள் என்பதற்கும் கடைசியில் கிடைத்த பலனுக்கும் உள்ள ஒட்டுறவு எண் (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) 0.278 என்று வந்தது. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பலன் வேறுபடுவதில் ஏறத்தாழ 8 சதவீதம் இந்த இணைப்போடு சேர்ந்து போகிறது என்று அதற்குப் பொருள்.

வெறும் எட்டா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் மீதியில்தான் நோயின் கடுமை, வீட்டு நிலைமை, வேலை, தூக்கம், யார் துணைக்கு இருக்கிறார்கள் என்பதெல்லாம் அடங்க வேண்டும். அத்தனைக்கும் நடுவில் அறைக்குள் நடக்கும் ஒரே ஒரு விஷயத்துக்கு எட்டு என்பது சின்னது இல்லை. மனச்சோர்வுக்கு முறையாகச் செய்யப்படும் இரண்டு சிகிச்சை முறைகளை மோதவிட்டுப் பார்த்தால், அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் வருகிறது. இதை மோப்பம் பிடித்தவர் அமெரிக்க உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக். ஒன்றுக்கொன்று முரணான கொள்கைகளை வைத்திருக்கும் முறைகள் எல்லாமே ஓரளவு பலன் தருகின்றன என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் வேலை செய்கிறது என்று 1936லேயே எழுதினார்.

எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது மாத்திரை பற்றிய கணக்கு. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 1980களில் மனச்சோர்வுக்கு ஒரு பெரிய சோதனை நடத்தியது. அதில் ஒரு பிரிவினருக்கு இமிப்ரமின் மாத்திரை, இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. இரண்டையும் கொடுத்தவர்கள் அதே மனநல மருத்துவர்கள். அந்தத் தரவை 2006இல் மறுபடி அலசியபோது, மனச்சோர்வு குறைந்ததில் இருந்த வேறுபாட்டில் மாத்திரைக்கு உரியது 3.4 சதவீதம், எந்த மருத்துவரிடம் போனார் என்பதற்கு உரியது 9.1 சதவீதம் என்று வந்தது. திறமையான மருத்துவர் கொடுத்த வெற்று மாத்திரை, திறமை குறைந்தவர் கொடுத்த நிஜ மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. சிறிய ஆய்வு அது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் ரசாயனத்தைக் கையில் வைத்துக் கொடுக்கும்போதே கொடுக்கும் ஆள் இவ்வளவு கணக்கில் வருகிறார் என்றால், பேச்சை மட்டுமே கொடுக்கிறவர் விஷயத்தில் கேட்கவா வேண்டும்.

சந்தேகப்படுகிறவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள்: உறவு நன்றாக இருந்ததால் குணமானார்களா, குணமாகத் தொடங்கியதால் உறவு நன்றாகத் தெரிந்ததா? ராபர்ட் டிரூபைஸ் 1990 வாக்கில், எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் முறையான அறிவாற்றல் சிகிச்சையில் இதைச் சோதித்தபோது, தொடக்கத்திலேயே நோய் தணிந்தவர்களிடம் பிற்பாடு உறவு மேம்பட்டதைப் பார்த்தார். அவர் கண்டதில் பொருள் இருக்கிறது. தலைவலி போனால் மாத்திரை கொடுத்தவர் மேல் ஒரு பிரியம் வரத்தான் செய்யும். பிறகு வந்த ஆய்வுகள் இரண்டு பக்கமும் ஓட்டம் இருப்பதாகவே காட்டுகின்றன.

இந்த முடிவை எடுக்க இன்னொரு கேள்வி உதவும்: உறவு சரியில்லை என்றால் தப்பு யார் பக்கம்? ஸ்காட் பால்ட்வினும் உடனிருந்தவர்களும் 2007இல் 80 சிகிச்சையாளர்கள், 331 நோயாளிகளின் தரவைப் பிரித்துப் பார்த்தார்கள். பலரோடும் நல்ல இணைப்பை உண்டாக்கும் சிகிச்சையாளர்களிடம் போனவர்களுக்குப் பலன் கூடுதல். ஆனால் ஒரே சிகிச்சையாளரிடம் போகிறவர்களுக்குள் ஒருவர் அதிகம் ஒட்டினார், இன்னொருவர் குறைவாக ஒட்டினார் என்பது பலனை அவ்வளவாக மாற்றவில்லை. 'எனக்குத்தான் யாரோடும் ஒட்டத் தெரியாது' என்று தன்னைத் திட்டிக்கொள்கிறவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம். இணைப்பை உண்டாக்குவது பெரும்பாலும் சிகிச்சையாளரின் கைவேலை. அதற்குத்தான் அவர் படித்திருக்கிறார்.

எது ஒட்டவில்லை?

ஆய்வாளர்கள் இந்த இணைப்பைக் கூட்டணி என்று சொல்வார்கள். சொன்னதும் நமக்குத் தேர்தல் ஞாபகம் வரும், அதுவும் தப்பில்லை. கட்சிகள் ஒன்றையொன்று நேசிக்க வேண்டியதில்லை, எதற்காகச் சேர்ந்தோம், யார் எதைச் செய்வது என்பதில் ஒத்துப்போனால் கூட்டணி ஓடும். எட்வர்ட் போர்டின் 1979இல் இதை மூன்றாகப் பிரித்தார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு. அதற்காக அறைக்குள்ளும் வெளியிலும் என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு. மூன்றாவது, மனிதருக்கு மனிதர் உள்ள நம்பிக்கை, மதிப்பு, பிரியம்.

நாம் பொதுவாக மூன்றாவதை மட்டும்தான் உறவு என்று நினைக்கிறோம். எனவே 'எனக்கு அவரைப் பிடிக்கவில்லை' என்று முடித்துவிடுகிறோம். கொஞ்சம் தோண்டினால் வேறு ஏதாவது கிடைக்கும். நீங்கள் இரவில் தூக்கம் வரவேண்டும் என்று போயிருப்பீர்கள், அவர் உங்கள் அப்பாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பார். அது இலக்கில் உள்ள பிசகு. அப்பாவைப் பற்றிப் பேசத்தான் போனீர்கள், அவரோ மூச்சுப் பயிற்சியும் அட்டவணையும் கொடுத்து அனுப்புகிறார் என்றால் வழியில் பிசகு. இரண்டும் சரியாக இருந்தும், நீங்கள் அழும்போது அவர் கடிகாரத்தைப் பார்த்தார் என்றால் அது மூன்றாவது.

முதல் இரண்டும் பேசினால் பெரும்பாலும் சரியாகும். மூன்றாவது சில சமயம் சரியாகும், சில சமயம் ஆகாது. இந்தப் பாகுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

சும்மா பொறுத்துப் பார்ப்பது

இந்த வழியைத்தான் அதிகம் பேர் எடுக்கிறார்கள். இதற்குச் செலவில்லை, சங்கடமில்லை. முதல் ஓரிரு அமர்வுகளுக்கு இது நியாயமானதும்கூட. அறிமுகமில்லாத ஒருவரிடம் வாழ்க்கையை அவிழ்த்துக் காட்டும்போது நெளியத்தான் தோன்றும்; அந்த நெளிவை அவர் மேல் போட வேண்டியதில்லை. பயத்தை நேரடியாகச் சந்திக்கவைக்கும் சிகிச்சைகளில் அசௌகரியம்தான் மருந்தே. அங்கே 'அவரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது' என்பது சிகிச்சை ஓடுகிறது என்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆனால் மூன்று முதல் ஐந்து அமர்வுகளுக்குள் இணைப்பு எப்படி இருக்கிறது என்பது பின்னால் வரும் பலனை ஓரளவு காட்டிவிடுகிறது. எனவே பொறுப்பதற்கு ஒரு கெடு வேண்டும். கெடு இல்லாத பொறுமை என்பது அவராகவே கண்டுபிடித்துச் சரிசெய்வார் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும்? 2005இல் வெளியான ஓர் ஆய்வில் சிகிச்சையாளர்களிடம் 550 பேரைக் காட்டி, இவர்களில் யார் யார் நிலைமை மோசமாகி வெளியே போவார்கள் என்று கேட்டார்கள். மூன்று பேர் என்றார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர்.

சிகிச்சையாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாமும் சும்மா இருக்கவில்லை, மறைக்கிறோம். பேரி ஃபார்பரும் மேட் பிளான்சர்டும் 547 பேரிடம் கேட்டபோது 93 சதவீதம் பேர் சிகிச்சையாளரிடம் பொய் சொன்னதை ஒத்துக்கொண்டார்கள். அதில் முன்னணியில் நின்றது, உண்மையில் இருப்பதைவிடப் பரவாயில்லை போலக் காட்டிக்கொள்வது. பத்தில் ஏழு பேருக்கு மேல் தெரபியைப் பற்றியே ஏதாவது பொய் சொல்லியிருந்தார்கள். அவர் சொன்ன யோசனை பிடித்த மாதிரி நடிப்பது, பலன் தெரிகிறது என்று சொல்வது, இப்படி. காசு கொடுத்து உட்கார்ந்து அவருக்கு மனம் நோகக்கூடாதே என்று நாம் படும் பாடு இருக்கிறதே!

சொல்வது

என் கணக்கில் முதலில் முயல வேண்டிய வழி இதுதான். ஆய்வுகளின் வலு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மற்ற எந்த வழியை எடுத்தாலும் இதில் கிடைக்கும் தகவல் தேவைப்படுகிறது.

ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டோபர் முரனும் சிகிச்சையாளருக்கும் நோயாளிக்கும் நடுவில் விழும் விரிசல்களையே பல வருடங்கள் ஆராய்ந்தவர்கள். விரிசல் இரண்டு விதமாக வரும் என்றார்கள். ஒன்று மோதல்: நோயாளி குரலை உயர்த்துகிறார், 'இதெல்லாம் வேஸ்ட்' என்கிறார். இன்னொன்று ஒதுங்கல்: பதில்கள் சுருங்குகின்றன, 'ம்ம்', 'சரி', 'நல்லாத்தான் போகுது' என்பதோடு நிற்கின்றன, பேச்சு பொதுவான விஷயங்களுக்கு வழுக்கிப்போகிறது. மோதலாவது வெளியே தெரியும். ஒதுங்கல் மரியாதை வேஷத்தில் இருப்பதால் பல சிகிச்சையாளர்களின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. நான் ஒதுங்கும் ரகம். இதைப் படிக்கும் பலரும் அதே ரகமாக இருக்கக்கூடும்.

விரிசலை எடுத்துப் பேசிச் சரிசெய்த சிகிச்சைகளில் பலனும் நன்றாக இருக்கிறது என்பது 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும் உறுதியானது. காரணம் புரியாததல்ல. ஒருவரிடம் நமக்குப் பிடிக்காததைச் சொல்லி, அவர் கோபிக்காமல், ஒதுக்காமல், உட்கார்ந்து கேட்டு, தன் பங்கை ஒத்துக்கொண்ட அனுபவம் பலருக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. மருந்து அந்த அனுபவத்துக்குள்ளேயே இருக்கிறது.

என் விஷயத்தில் நடந்தது இது. இரண்டாவது சிகிச்சையாளர் ஒவ்வொரு வாரமும் ஒரு தாள் கொடுப்பார். மனதில் வந்த எண்ணம், அப்போது இருந்த உணர்ச்சி, எண்ணத்துக்கு எதிரான சான்று என்று கட்டம் கட்டி நிரப்ப வேண்டும். அமர்வுக்குப் பத்து நிமிடம் முன்னால் வெளியே உட்கார்ந்து கற்பனையாக நிரப்பிக்கொண்டு போவேன். அவர் அதைப் பார்த்துப் பாராட்டுவார். ஆறு வாரம் ஓடியது. ஏழாவது வாரம், 'இந்தத் தாளெல்லாம் நான் வெளியே உட்கார்ந்து எழுதினது' என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். பிறகு, "இதைச் சொல்ல எத்தனை வாரமா யோசிச்சீங்க?" என்று கேட்டார். அடுத்த கேள்வி, வேறு எங்கெல்லாம் இப்படித் தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க இரண்டு மாதம் ஆனது. தாள் அதற்கப்புறம் வரவில்லை.

எல்லோரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். லூயி காஸ்டோங்வே 1996இல் அறிவாற்றல் சிகிச்சையின் ஒலிப்பதிவுகளை அலசியபோது கண்டது முக்கியமானது. நோயாளி முரண்டும்போது சில சிகிச்சையாளர்கள் முறையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். 'நீங்கள் இப்படி நினைப்பதே அந்தத் தவறான எண்ணத்துக்கு உதாரணம்' என்று பாடத்தைத் திரும்ப நடத்தினார்கள். விரிசல் பெரிதானது. ஆக, சொல்லிப் பார்ப்பது ஒரு சோதனையும்கூட. அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று கவனியுங்கள். 'இன்னும் கொஞ்சம் சொல்லுங்க' என்கிறாரா? 'நான் அவசரப்பட்டுட்டேன் போல' என்று தன் பங்கை எடுத்துக்கொள்கிறாரா? செய்யும் முறையில் ஏதாவது மாற்றுகிறாரா? இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் இன்னும் நான்கைந்து அமர்வு கொடுக்கலாம். 'இது உங்க எதிர்ப்பு', 'எல்லா உறவிலும் இப்படித்தான் ஓடுவீங்களா' என்று பந்தை முழுக்க உங்கள் பக்கமே தள்ளினால் பதில் கிடைத்துவிட்டது.

சொல்வதற்குப் பெரிய வசனம் தேவையில்லை. குறை சொல்வது போல இருக்கிறதே என்று தயங்குகிறவர்கள் மூன்று உடன்பாடுகளில் எது என்று மட்டும் சொன்னால் போதும். 'நாம எதை நோக்கிப் போறோம்னு எனக்குப் பிடிபடலை.' 'இந்தப் பயிற்சி எனக்கு எப்படி உதவும்னு புரியலை.' 'போன வாரம் நான் அதைச் சொன்னப்போ நீங்க சிரிச்சது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.' வாயால் வராவிட்டால் எழுதிக் கொடுக்கலாம். ஹார்வத்தும் கிரீன்பெர்க்கும் 1989இல் இணைப்பை அளக்க 36 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் செய்தார்கள். இப்போது 12 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. சில சிகிச்சையாளர்கள் ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் இதுபோல நாலு கேள்வி கேட்டு மதிப்பெண் வாங்குவார்கள். அப்படிக் கேட்கிறவர் கிடைத்தால், தயவுசெய்து எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து போடாதீர்கள்.

ஆளை மாற்றுவது

சொன்னீர்கள், ஒன்றும் மாறவில்லை. அல்லது சொல்லவே முடியாதபடி அவரிடம் பயம். அப்போது மாறலாம். ஒருவரிடம் சரிவராதது இன்னொருவரிடம் சரிவருவது ஊகமல்ல. சிகிச்சையாளருக்குச் சிகிச்சையாளர் பலன் கணிசமாக வேறுபடுகிறது என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு.

கேள்வி, அடுத்தவரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் நம் உள்ளுணர்வு சறுக்குகிறது.

அனுபவ வருடங்களைப் பார்ப்போம். 2016இல் 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,591 நோயாளிகளையும் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், வருடம் ஏற ஏறச் சிகிச்சையாளர்களின் பலன் சராசரியாகக் கூடவில்லை, ஒரு துளி குறைந்தது. ஆனால் பாதியில் விட்டுப்போகிறவர்கள் எண்ணிக்கை அனுபவத்தோடு குறைந்தது. அதையும் சொல்ல வேண்டும். தன்னம்பிக்கையைப் பார்க்கலாமா என்றால் அதுவும் வேலைக்கு ஆகாது. 2012இல் மனநலத் துறையினரிடம் சக சிகிச்சையாளர்களோடு ஒப்பிட்டு உங்களுக்கு நீங்களே இடம் போட்டுக்கொள்ளுங்கள் என்றபோது, நூறு பேரில் எண்பது பேரைவிட நான் மேல் என்பதுதான் சராசரிப் பதிலாக இருந்தது. சராசரிக்குக் கீழே தன்னை வைத்தவர் ஒருவர்கூட இல்லை.

நம்மைப் போன்றவர், நம் இனம், நம் பின்னணி? மனம் அதைத்தான் தேடும். கப்ரால், ஸ்மித் இருவரும் 2011இல் இதைத் தொகுத்துப் பார்த்தார்கள். தன் இனத்தைச் சேர்ந்தவர் வேண்டும் என்ற விருப்பம் நோயாளிகளிடம் வலுவாக இருந்தது. அப்படிக் கிடைத்தபோது பலனில் கூடிய வித்தியாசம் மிகச் சிறியது. ஆனாலும் சில விஷயங்களில் நான் இந்த எண்ணோடு சண்டை போடுவேன். பாலியல் வன்முறையை அனுபவித்த ஒரு பெண் பெண் சிகிச்சையாளர்தான் வேண்டும் என்றால், அங்கே சராசரி எண்ணைக் காட்டுவது மடத்தனம். விருப்பத்துக்கு இடம் கொடுத்தால் பாதியில் நிற்கிறவர்கள் குறைகிறார்கள் என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? திமோதி ஆண்டர்சன் ஒரு நல்ல சோதனை செய்தார். கோபப்படும், ஒதுங்கும், குறைசொல்லும் நோயாளிகளை நடிக்கவைத்துக் காணொளி எடுத்து, சிகிச்சையாளர்களிடம் போட்டுக்காட்டி, 'இப்போது என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டுப் பதிலைப் பதிவு செய்தார். 2009இல் வந்த முடிவின்படி, அந்தச் சிக்கலான நேரத்தில் இதமாகவும் தெளிவாகவும் பதில் சொன்னவர்களின் நோயாளிகளுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. எனவே முதல் சந்திப்பிலேயே கொஞ்சம் சிக்கலான ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். 'இது எனக்குச் சரிப்படவில்லை என்றால் நாம் எப்படிப் பேசுவோம்?' என்ற கேள்வி போதும். பதிலின் உள்ளடக்கத்தைவிட, கேள்வி வந்ததும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பது அதிகம் சொல்லும்.

இதை வைத்து யாரிடம் வேண்டுமானாலும் போகலாம், அன்பாக இருந்தால் போதும் என்று தாவிவிடக் கூடாது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஹன்ஸ் ஸ்ட்ரப் 1979இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் நல்ல பேர் எடுத்த கல்லூரிப் பேராசிரியர்களும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களும் சராசரியில் ஒரே அளவுதான் பலன் தந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். கடுமையான நோயோடு வருகிறவருக்கு அந்த முடிவை அப்படியே தூக்கி வைக்க முடியாது. தகுதியும் உரிமமும் நுழைவுச் சீட்டு. அது இல்லாதவரை வாசலிலேயே விட்டுவிடலாம்.

மாறுவதற்கு ஒரு விலை உண்டு. கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சிலருக்கு அதுவே பெரிய காயம். இன்னொன்று, நீங்கள் மாறுவது இது மூன்றாவது, நான்காவது முறை என்றால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே வாரத்தில், அதே காரணத்துக்கு என்றால், அடுத்தவரிடம் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள். குற்ற ஒப்புதலாக அல்ல, சிகிச்சைக்கான விஷயமாக.

ஆளை வைத்துக்கொண்டு முறையை மாற்றுவது

இது அதிகம் பேசப்படாத வழி. அவரை ரொம்பப் பிடிக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் மனம் லேசாகிறது. ஆனால் எட்டு மாதம் ஆகியும் கதவைப் பூட்டினோமா என்று இருபது தடவை போய்ப் பார்ப்பது நிற்கவில்லை. இங்கே கூட்டணியின் மூன்றாவது கால் வலுவாக இருக்கிறது, இரண்டாவது கால் ஊனம்.

எல்லா முறையும் சமம் என்ற பேச்சு இந்த இடத்தில் நொண்டுகிறது. எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓசிடி), பயத்தைத் தூண்டும் சூழலில் நிற்கவைத்து, கழுவுவதையும் சரிபார்ப்பதையும் தடுக்கும் பயிற்சிதான் நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி. குறிப்பிட்ட பொருளைக் கண்டு வரும் பயத்துக்கும் திகில் தாக்குதலுக்கும் அதேபோல நேரடிப் பயிற்சிகள் இருக்கின்றன. அன்பான காதுகள் மட்டும் இவற்றைக் குணப்படுத்துவதில்லை. சில நேரம் 'ஒன்றும் ஆகாது' என்று அன்பாகத் தேற்றுவதே நோய்க்குத் தீனி.

கென்னத் ஹவர்ட் 1986இல் தொகுத்த கணக்கில், எட்டு அமர்வுகளுக்குள் பாதிப்பேருக்கு ஏதாவது முன்னேற்றம் அளவிடும்படி தெரிந்தது. 26 அமர்வுகளுக்குள் நான்கில் மூன்று பேருக்கு. முழுக் குணம் என்று கேட்டால் அதிக நாள் ஆகும். ஆனால் மூன்று மாதத்தில் அசைவே இல்லை என்றால், எவ்வளவு பிடித்தவராக இருந்தாலும், 'என் பிரச்சினைக்கு வேறு முறை இருக்கிறதா, உங்களுக்கு அதில் பயிற்சி உண்டா?' என்று கேட்பது உங்கள் உரிமை. நல்லவர் என்றால் இல்லை என்று நேராகச் சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்புவார். என் அனுபவத்தில் பிடிக்காதவரை விடுவதைவிட, பிடித்தவரை விடுவதுதான் கஷ்டம்.

நேரில் ஒட்டாதவர்கள் திரை வழியாக முயன்று பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். ஃப்ளூகிகரின் தொகுப்பில் இணையவழிச் சிகிச்சையைத் தனியே எடுத்தபோது வந்த எண் 0.275. நேரில் பார்ப்பதோடு வித்தியாசமே இல்லை. திரை சுவராகிவிடும் என்ற பயம் அளவுக்கு மீறியது. சிலருக்கு அந்தத் தூரமே தைரியம் தருகிறது.

யோசிக்கவே வேண்டாத இடங்கள்

சிலவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பாலியல் நோக்கோடு தொடுவது, பேசுவது. நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதியில்லாமல் வீட்டாரிடமோ வேறு யாரிடமோ சொல்வது. உங்களிடம் கடன் கேட்பது, தன் வியாபாரத்தில் இழுப்பது. கேலி செய்வது. இதெல்லாம் பேசித் தீர்க்கும் விரிசல் இல்லை. எழுந்து வந்துவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, முடிந்தால் அவருக்கு உரிமம் கொடுத்த அமைப்பில் புகார் கொடுக்கலாம். ரகசியம் காப்பதற்கு மட்டும் பொதுவாக ஒரு விலக்கு உண்டு: உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சிகிச்சையாளர் மற்றவர்களிடம் சொல்ல நேரலாம். அதை முதல் நாளே அவர் விளக்கியிருக்க வேண்டும்.

நீங்களே உயிரை விடும் எண்ணத்தோடு போராடிக்கொண்டிருக்கும் நேரம் என்றால், அடுத்தவர் கிடைக்கும் வரை இப்போதுள்ள கையை விடாதீர்கள். ஒட்டாத சிகிச்சையாளரிடம் இந்த எண்ணத்தை மட்டுமாவது சொல்லிவிடுங்கள், கூடவே வீட்டில் ஒருவரிடமும். மாற்றம் பிறகு.

விடைபெறுவது

உளவியல் சிகிச்சைக்குப் போகும் ஐந்து பேரில் ஒருவர் பாதியில் நின்றுவிடுகிறார் என்று 669 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் ஸ்விஃப்டும் கிரீன்பெர்க்கும் சொன்னார்கள். அந்த ஐந்தில் ஒருவனாக நான் இருந்தேன். முதல் சிகிச்சையாளர் நான் பேசப் பேச லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருப்பார். வேலை ஜாஸ்தி, பிறகு கூப்பிடுகிறேன் என்று வரவேற்பில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு வந்தவன், கூப்பிடவே இல்லை. அவருக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

மாறுவது என்று முடிவானால், முடிந்தவரை ஒரு கடைசி அமர்வுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவது நல்லது. முடியாவிட்டால் இரண்டு வரிச் செய்தி போதும். அதில் இதுவரை எடுத்த குறிப்புகளின் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால் அடுத்த இடத்தில் பாதிக் கதை மிச்சம்.

இரண்டாமவரைப் பார்க்கப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, முன்னே போன இடத்தில் எது சரிப்படவில்லை என்பது. லேப்டாப் என்றேன். சொல்லும்போதே அற்பக் காரணமாகத் தோன்றியது. அவர் தன் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். "இது பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அந்த ஒரு பதிலில் பொய் இல்லை.